ஸ்பீக்கர்களைக் கூட்டினால் சத்தம் கூடுமா? வாட், ஓம், டெசிபல் கணக்கு

100 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் நான்கு ஸ்பீக்கர்களைப் பொருத்தினால் ஒவ்வொன்றுக்கும் 25 வாட் பங்கிடப்படும், அதனால் ஒவ்வொன்றின் சத்தமும் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். இரண்டு கணக்குகளும் தவறிப்போவதற்குக் காரணம் ஒன்றுதான். ஆம்ப்ளிஃபையரின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை, அது எந்நேரமும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் ஓர் அளவாக நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த எண் ஓர் உச்சவரம்பு மட்டுமே. அந்த வரம்புக்குள் எவ்வளவு திறன் பாய்கிறது என்பதை ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழும், இசையும், மறுமுனையில் இணைத்திருக்கும் ஸ்பீக்கர்களின் ஓம் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

டிரான்சிஸ்டரில் இயங்கும் இன்றைய ஆம்ப்ளிஃபையர் அடிப்படையில் ஒரு மின்னழுத்த மூலம். உள்ளே வரும் சிறிய சமிக்ஞையைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்கி, ஸ்பீக்கர் முனைகளில் அதற்குரிய மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவதே அதன் வேலை. மின்னோட்டம் எவ்வளவு பாய வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, முடிவு செய்கிறது. முனைகளில் 20 வோல்ட் இருக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். திறன் 50 வாட். அதே முனைகளில் இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் சேர்த்தால், அதுவும் தன் பங்குக்கு 2.5 ஆம்பியர் இழுக்கும். மொத்தச் சுமை 4 ஓம், மொத்த மின்னோட்டம் 5 ஆம்பியர், மொத்தத் திறன் 100 வாட். முதல் ஸ்பீக்கருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த 50 வாட்டில் ஒரு வாட்கூடக் குறையவில்லை. வீட்டில் ஒரு விளக்கு எரியும்போது இன்னொன்றைப் போட்டால் முதல் விளக்கு மங்குவதில்லை அல்லவா, அதே விதிதான் இங்கும் நடக்கிறது.

இந்த விதி நிலைத்திருப்பது ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை தாக்குப்பிடிக்கும் வரைதான். 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், 4 ஓமில் அப்படியே 100 வாட் தர வேண்டுமானால் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் மின்தேக்கிகளும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் இரு மடங்கு மின்னோட்டத்தைத் தளராமல் கொடுக்க வேண்டும். வீட்டு உபயோக ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வலு இருப்பதில்லை. உச்சத்தில் அது 4 ஓமுக்கு 75 வாட் தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 37.5 வாட் கிடைக்கும். தனியாக இருந்தபோது கிடைத்த 50 வாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய இழப்பாகத் தோன்றும். டெசிபல் கணக்கிலோ இழப்பு ஒன்றேகால் டெசிபல்தான். இதுவும் குமிழை உச்சம் வரை திருப்பினால் மட்டுமே வரும் இழப்பு. வழக்கமான அளவில் கேட்கும்போது முதல் ஸ்பீக்கரில் எந்த மாற்றமும் தெரியாது.

வழக்கமாகக் கேட்கும் அளவு என்பது எத்தனை வாட் என்று கணக்கிட்டுப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் 87 டெசிபல் தருகிற, சாதாரணமான ஒரு ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு 6 டெசிபல் குறையும்; ஆகவே 3 மீட்டரில் இது 77.5 டெசிபல் ஆகிறது. ஸ்டீரியோவின் மறுபக்கமான இரண்டாவது சேனலின் ஸ்பீக்கரையும் சேர்த்துக்கொண்டால் 80 டெசிபலுக்குச் சற்று மேல் வருகிறது. அறையின் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும். இயல்பான பேச்சு 1 மீட்டரில் ஏறத்தாழ 60 டெசிபல் என்னும்போது, 80 டெசிபல் என்பது அக்கறையோடு உட்கார்ந்து இசை கேட்பவருக்கே போதுமான, சொல்லப்போனால் சற்று உரத்த அளவு. சேனலுக்கு வெறும் 1 வாட்டில் இது கிடைத்துவிடுகிறது. மீதி 99 வாட் எதற்கு என்றால், இசையின் திடீர் உச்சங்களுக்காக. நன்கு பதிவு செய்யப்பட்ட இசையில் தாளவாத்தியத்தின் ஓர் அடி, சராசரி அளவைவிட 20 டெசிபல் வரை மேலே எழும். 20 டெசிபல் என்பது 100 மடங்கு திறன். அந்த ஒரு கணத்துக்கு மட்டும் ஆம்ப்ளிஃபையர் 100 வாட் தர வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு முழுவதும் மடக்கையில் நடப்பதுதான் நம் உள்ளுணர்வு தடுமாறும் இடம். திறன் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். காதுக்கு 3 டெசிபல் என்பது கவனித்தால் தெரிகிற, ஆனால் பெரிதாகப் படாத ஒரு வித்தியாசம். ‘இப்போது சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது’ என்று கேட்பவர் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1936-இல் முன்வைத்த ‘சோன்’ என்ற உரப்பு அலகு இந்த உறவையே அடிப்படையாகக் கொண்டு இன்றும் பயன்படுகிறது. 50 வாட் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்குகிறவர் பெறுவது 3 டெசிபல். கேட்கும் சத்தம் இரு மடங்காக வேண்டுமென்றால் அவர் 500 வாட்டுக்குப் போக வேண்டும். அதைத் தாங்கும் ஸ்பீக்கர்களும் வேண்டும்.

இனி ஸ்பீக்கர்களைக் கூட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரே சமிக்ஞையை ஒலிக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் முன்பு பெற்ற அதே திறனைப் பெற்றால், கூடுதல் லாபம் 3 டெசிபலா 6 டெசிபலா என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளில் ஒன்றான 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர். ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு பெட்டிகள் இந்த அலைக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பவைதான். இரண்டின் அழுத்த அலைகளும் ஒன்றோடொன்று இசைந்து கூடுவதால் அழுத்தம் இரட்டித்து 6 டெசிபல் உயர்கிறது. இதில் 3 டெசிபல், இரண்டாவது ஸ்பீக்கர் இழுத்த கூடுதல் திறனுக்கு உரியது. மற்ற 3 டெசிபல், அருகருகே நிற்கும் இரண்டு ஸ்பீக்கர் கூம்புகள் ஒன்றன் அழுத்தத்துக்கு எதிராக மற்றொன்று உந்தி, காற்றை இன்னும் பயனுள்ள வகையில் அசைப்பதால் வருவது. ஆற்றல் எங்கிருந்தும் இலவசமாக வந்துவிடவில்லை. வீட்டு ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்திறனில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை, மற்றதெல்லாம் வெப்பமாகவே போகிறது. அந்த மிகச் சிறிய பயனுறுதிறன் கொஞ்சம் மேம்படுகிறது, அவ்வளவுதான்.

5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 7 சென்டிமீட்டர். தலையைச் சற்றே அசைத்தாலும் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து வரும் அலைகளின் கட்டம், அதாவது அவற்றின் முகடும் பள்ளமும் பொருந்தும் விதம், மாறிவிடும். ஓரிடத்தில் கூடும், அடுத்த இடத்தில் குறையும். அறை முழுவதையும் சராசரியாக எடுத்தால் 3 டெசிபல்தான் மிஞ்சும். ஆகவே பக்கத்தில் இன்னொரு ஸ்பீக்கரை வைத்தவுடன் ‘இப்போது எவ்வளவு கனமாக இருக்கிறது பார்’ என்று தோன்றுவது பிரமை அன்று. பாஸ் உண்மையாகவே மற்றவற்றைவிட அதிகம் கூடியிருக்கிறது. இதோடு நம் காதின் இயல்பு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் காட்டுவதுபோல, தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மெல்லிய ஒலியில் நம் காது மந்தமாகவும், ஒலி கூடக்கூட அதிகக் கூர்மையாகவும் நடந்துகொள்கிறது. சில டெசிபல் கூடினாலே பாஸ் முன்வந்து நிற்பதாக உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த லாபம் முழுவதும் ஒரு கம்பியை மாற்றிச் சொருகுவதால் நஷ்டமாகிவிடும். நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் இடம் மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பாஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரைக் கூட்டிய பிறகு பாட்டு சோகை பிடித்தாற்போல் ஒலித்தால், வேறெதையும் சந்தேகிக்கும் முன் சிவப்பு, கறுப்பு முனைகளைச் சரிபார்ப்பதே முதல் வேலை. முனைகள் சரியாக இருந்தாலும், முன்னே ஒரு ஜோடி, பின்னே ஒரு ஜோடி என்று வைத்து ஒரே இசையை நான்கிலும் ஓட்டுவதில் வேறொரு இழப்பு உண்டு. கேட்பவருக்கு ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 1 மீட்டர் தள்ளியிருந்தால், 170 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி அமுங்கும் ஒரு பள்ளமும், அதன் மூன்று மடங்கில், ஐந்து மடங்கில் என வரிசையாகப் பள்ளங்களும் விழும். பாடகர் நடுவில் நிற்பதுபோன்ற ஸ்டீரியோவின் தெளிவு கலைந்துபோகும். ஓரிடத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்பவர் இரண்டே ஸ்பீக்கர்களோடு நின்றுகொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பக்க இணைப்பில் ஓம் குறைந்துகொண்டே போவதால், சுமையைக் காப்பாற்றத் தொடரிணைப்பை, அதாவது ஸ்பீக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதை, நாடுவோரும் உண்டு. 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டைத் தொடரில் இணைத்தால் 16 ஓம். மின்னழுத்தம் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் திறன் கால் பங்காகிறது. ஒரே ஸ்பீக்கர் இருந்தபோது வந்த சத்தத்தோடு ஒப்பிட்டால் பாஸில் மாற்றமில்லை, மேலே உள்ள அதிர்வெண்களில் 3 டெசிபல் குறைவு. நான்கு ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மறுபடியும் 8 ஓமே வரும். ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை மாறாது, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கால் பங்கு திறன் போகும். நான்கும் ஒரே மாதிரியானவையாக இருந்தால் இது நேர்மையான ஏற்பாடு. வெவ்வேறு மாதிரிகளைத் தொடரில் கோப்பதுதான் தவறு. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. கூம்பு இயல்பாக அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணில் 30 ஓம் வரைகூட ஏறும். ஒன்றில் ஏறும் இடத்தில் மற்றதற்குப் போகும் மின்னழுத்தம் சுருங்கும். இப்படி ஒவ்வொன்றும் மற்றதன் தொனியைத் திருத்தி எழுதிவிடுகிறது.

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்த விஷயங்களில் பாதி அங்கேயே எழுதியிருக்கும். ‘ஏ’ வரிசை, ‘பி’ வரிசை என இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள். அவற்றின் மேல் சின்ன எழுத்தில், ஏ அல்லது பி மட்டும் என்றால் குறைந்தது 4 ஓம், இரண்டும் சேர்ந்து என்றால் ஒவ்வொன்றும் குறைந்தது 8 ஓம் என்பது போன்ற குறிப்பு. அந்த இரண்டாவது வரிதான் முக்கியமானது. சில கருவிகளில் ‘ஏ+பி’ பொத்தான் இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்க்கும், சிலவற்றில் தொடரில் சேர்க்கும். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது. கையில் மல்டிமீட்டர் இருந்தால் கம்பிகளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு அளந்து பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் நேர்மின்னோட்டத்துக்கு ஏறத்தாழ 6 ஓம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓம் அளவில் காட்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களின் கம்பிகளைச் சேர்த்து அளந்தால் அதுவும் 3 ஓம்தான். ஆம்ப்ளிஃபையரைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. பெயரளவு இம்பீடன்ஸின் 80 சதவீதத்துக்குக் கீழே எந்த அதிர்வெண்ணிலும் இறங்கக் கூடாது என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60268-5 தரநிலை சொல்கிறது. எல்லா ஸ்பீக்கர்களும் இதை மதிப்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபையருக்கு என்ன ஆகிறது? வீட்டு ஸ்டீரியோக்களில் வழக்கமான ஏபி வகை ஆம்ப்ளிஃபையரில், அதே ஒலியளவில் சுமை 8 ஓமிலிருந்து 4 ஓமாக இறங்கினால் டிரான்சிஸ்டர்கள் வழியே இரு மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. அவை வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே சேனலில் பக்க இணைப்பில் மாட்டினால் சுமை 2 ஓம். பெரும்பாலான வீட்டு ஆம்ப்ளிஃபையர்கள் இதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மெல்ல வைத்துக் கேட்கும் வரை சிக்கல் தெரியாது. உரக்க வைத்ததும், பாஸ் அடி விழும் ஒரு கணத்தில், உள்ளே ரிலே ‘டக்’கென்று விடுபட்டு ஒலி நின்றுபோகும். அது கோளாறு அன்று, பாதுகாப்புச் சுற்று தன் கடமையைச் செய்திருக்கிறது. மறுபடி மறுபடி ஆன் செய்து அதே அளவில் ஓட்டுவது டிரான்சிஸ்டர்களின் ஆயுளோடு விளையாடுவதாகும்.

வாட் எண்ணை எந்த நிபந்தனையில் சொல்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ‘சேனலுக்கு 150 வாட்’ என்ற வரி, 6 ஓமில், 1000 ஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவோடு, ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்ததாக இருக்கலாம். ஹோம் தியேட்டருக்கான அதே ஏவி ரிசீவரை 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவைக் குறைவாக வைத்து, எல்லாச் சேனல்களையும் ஒன்றாக ஓட்டி அளந்தால் எண் வெகுவாகக் கீழிறங்கும். இத்தகைய குழப்பத்தைக் கட்டுப்படுத்தவே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் ஆம்ப்ளிஃபையர் திறனை அறிவிப்பதற்கு விதிமுறை கொண்டுவந்தது. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. என்ற ‘உச்ச இசைத் திறன்’ எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறையே கிடையாது. அதை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

வாட்டைவிட உறுதியாகச் சத்தத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது 1 வாட்டுக்கு 1 மீட்டரில் அது தரும் டெசிபல். வாங்குகிறவர்கள் கடைசியாகப் பார்க்கும் எண்ணும் அதுவாகவே இருப்பது வருத்தத்துக்குரியது. 84 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே தந்துவிடும். அந்த இரண்டையும் ஒரே சேனலில் பக்க இணைப்பில் மாட்டினால், 90 டெசிபல் பெட்டி எப்போதும் 6 டெசிபல் உரத்துப் பேசி மற்றதை மூடிவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல நிறுவனங்கள் உணர்திறனை 1 வாட்டில் சொல்லாமல் 2.83 வோல்ட்டில் சொல்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது 2 வாட். ஆக, 4 ஓம் ஸ்பீக்கரின் ‘90 டெசிபல்’ என்ற எண்ணில் 3 டெசிபல், கூடுதலாக இழுத்த மின்னோட்டத்தால் வந்தது.

ஆம்ப்ளிஃபையரின் வரம்பு தாண்டும்போது முதலில் பலியாவது பெரும்பாலும் ட்வீட்டர், அதாவது பெட்டிக்குள் உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறிய ஸ்பீக்கர். மின்னழுத்தம் மேலே ஏற இடமில்லாமல் அலையின் முகடு வெட்டுப்படும் கிளிப்பிங் நிலையில், உச்சங்கள் நறுக்கப்பட்டுச் சராசரித் திறன் ஏறுகிறது. கூடவே மூல இசையில் இல்லாத உயர் அதிர்வெண்கள் பிறக்கின்றன. சில வாட்களையே தொடர்ந்து தாங்கக்கூடிய ட்வீட்டரின் ‘காயில்’ எனும் கம்பிச்சுருள் அந்த வெப்பத்தில் கருகிவிடுகிறது. 30 வாட் ஆம்ப்ளிஃபையர் 100 வாட் ஸ்பீக்கரை எரிக்க முடிவது இப்படித்தான். தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் வூஃபரின் காயிலும் வெப்பத்துக்கு விலை கொடுக்கிறது: செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுவதால், 150 டிகிரி சூடேறிய காயிலின் மின்தடை 60 சதவீதம் அளவுக்கு உயர்ந்து, அது இழுக்கும் திறன் குறைந்து, சத்தம் 2 டெசிபல் அளவுக்குத் தானாகவே தணிந்துவிடும். இந்த ஓரிடத்தில் இரண்டாவது ஸ்பீக்கர் உண்மையான உதவி செய்கிறது. வேலையை இரண்டு காயில்கள் பகிர்ந்துகொள்வதால் இரண்டும் குளிர்ச்சியாக இருக்கின்றன. கூம்புகளும் குறைந்த தூரமே முன்பின் அசைவதால் சிதைவு குறைகிறது. பாஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபரை ஒன்றுக்கு இரண்டாக வைப்பதில் இந்த லாபம் தெளிவாகக் கிடைக்கும். அறையின் வெவ்வேறு இடங்களில் வைத்தால், ஓரிடத்தில் பாஸ் குமுறி மற்றோரிடத்தில் காணாமல் போகும் ஏற்றத்தாழ்வும் சமனாகும்.

ஒரு பெரிய கூடத்தில் நான்கு ஸ்பீக்கர்கள் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், சத்தத்தைக் கூட்ட அவை வேண்டாம், பரப்ப வேண்டும் என்றே நான் சொல்வேன். ஒரு மூலையிலிருந்து இரண்டு பெட்டிகள் கத்தினால் அருகில் இருப்பவருக்குக் காது வலிக்கும், தள்ளியிருப்பவருக்குச் சொற்கள் புரியாது. நான்கைப் பிரித்து வைத்தால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று அருகில் இருக்கும்; 4 மீட்டருக்குப் பதில் 2 மீட்டர் என்றாலே நேரடி ஒலியில் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு ஆம்ப்ளிஃபையர் திறன், மிச்சம். கேட்பவரின் செவிக்கும் இது நல்லது. 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தில் பாதி என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை.

தனித்தனி அறைகளுக்கு ஒலி கொண்டுபோவதானால் ஒரே ஆம்ப்ளிஃபையரில் எல்லாவற்றையும் தொங்கவிடுவதைவிட, அறைக்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் வைப்பதே சிறந்தது. ஒவ்வோர் அறையிலும் அளவைத் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம், ஓம் கவலையும் இல்லை. பத்து, இருபது ஸ்பீக்கர்கள் என்றாகும்போது, ஒவ்வொன்றிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தி 70 அல்லது 100 வோல்ட்டில் ஓட்டும் முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 5 வாட், 10 வாட் என்று தேர்ந்தெடுத்து, கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபையரின் திறனைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். சாதாரண ஆம்ப்ளிஃபையரிலிருந்தே நீண்ட கம்பி இழுப்பவர் கம்பியின் தடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 15 மீட்டர் போய்த் திரும்புகையில் ஏறத்தாழ 0.35 ஓம் தடை சேர்க்கும். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு இது 0.4 டெசிபல் கூட வராத இழப்பு. அதே கம்பியின் முனையில் நான்கு ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்து 2 ஓம் ஆக்கினால் இழப்பு 1.4 டெசிபலாகும். அதைக் குறைக்க 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தலாம், அல்லது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்தே தனிக் கம்பி இழுக்கலாம்.